தோசைக்குப் பிறகு தீர்த்தம்

முதலில் என்னை அவமானப்படுத்தியவன் தம்புசாமி. என் மனைவி சீதாலெட்சுமியின் அண்ணன். ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக இருந்து, புண்ணுக்குக் கட்டுப் போட்டே பென்ஷன் வாங்கியவன்.

1994-ல் கோலாலம்பூரில் எனக்கு இருதயத்தில் பைபாஸ் ஆப்பரேஷன் நடந்தது. காலிலிருந்து ரத்தக்குழாயை எடுத்து நெஞ்சில் மூன்று இடத்தில் வைத்துத் தைத்தார்கள். நான் வாய் திறக்க முடியாமல் வார்டில் படுத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து, பதினோரு சொந்தக்காரர்கள் முன்னால் தம்புசாமி சொன்னான்:

"டாக்டர் குடுக்கிற ஆஸ்பிரினை ஆயுசுக்கும் போடணும். இல்லாட்டி தச்ச குழாய் அடைச்சுக்கும். மாப்பிள்ளைக்கு அதெல்லாம் புரியாது. சீதா, நீதான் பிள்ளைக்கு ஊட்டுற மாதிரி ஊட்டணும்."

எனக்குப் புரியாதாம். கிள்ளான் துறைமுகத்தில் இருபத்தெட்டு வருஷம் லோரி ஓட்டியவன் நான். குழாயும் அடைப்பும் எனக்குத் தெரியாதா? அங்கேயே முடிவு செய்தேன். ஒரு மாத்திரைகூட முழுங்கமாட்டேன். ஆறு மாதம் கழித்து டாக்டர் முன்னாலேயே தம்புசாமி என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் சீதாவிடம் அறிவித்தேன்.

"இன்ஜினைப் பிரிச்சு மாட்டியாச்சு. இனிமே எதுக்கு மாத்திரை?"

"மாட்டுன லோரியை ஆயில் ஊத்தாம ஓட்டுனீங்களா?"

"அது லோரி. இது நான்."

"ஆமாங்க. லோரி சொன்னா கேக்கும்."

ஒரு வாரம் அவள் மாத்திரையை நீட்டினாள். நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். எட்டாம் நாள் மாத்திரையை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

"வேணாம்னா விடுங்க. அம்மன் தீர்த்தமாவது குடிங்க. சாமி பாத்துக்கட்டும்."

முப்பத்தாறு வருஷத்தில் அவள் எனக்கு விட்டுக்கொடுத்தது அதுதான் முதல் தடவை. அந்த சந்தோஷத்தில் எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை.

தினமும் காலையில் நான்கு தோசை சாப்பிட்டு முடித்ததும் வெள்ளிக் கிண்ணத்தில் தீர்த்தம் வரும். துளசி மிதக்கும். லேசாகப் புளிக்கும்.

"தீர்த்தத்தை வெறும் வயித்துலதானே குடிப்பாங்க?"

"இருதயக்காரங்களுக்குச் சாப்பிட்ட பிறகாம். விசாரிச்சுட்டேன்."

"புளிக்குதே."

"பக்தி இருக்கிறவங்களுக்குப் புளிக்காது."

அதற்குப் பிறகு புளிக்கிறது என்று நான் ஏன் சொல்லப்போகிறேன்? பக்கத்து வீட்டு இராஜம்மாவைக்கூட வேலியோரம் நிறுத்தி, "மாத்திரையெல்லாம் பயந்தாங்கொள்ளிகளுக்குத்தான்" என்று விளக்கினேன்.

ஆறாம் மாதம் செக்கப். தம்புசாமிதான் என்னையும் சீதாவையும் காரில் கூட்டிப்போனான். நான் மறுக்கவில்லை. மன்னிப்புக் கேட்க ஆள் வேண்டுமே. ஓடுகிற மெஷினில் என்னை நடக்கவிட்டார்கள். டாக்டர் ரெங்கசாமி பேப்பரைப் புரட்டிப் பார்த்தார்.

"நல்லா இருக்கீங்க அங்கிள். குழாய் மூணும் நல்லா வேலை செய்யுற மாதிரிதான் தெரியுது. ஆஸ்பிரினை ஒழுங்கா எடுத்திருக்கீங்க லா."

நான் எழுந்து நின்றேன். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"டாக்டர், ஆறு மாசமா ஒரு மாத்திரைகூட நான் முழுங்கலை. வெறும் தீர்த்தம். மச்சான், இப்ப சொல்லுங்க. யாருக்குப் புரியாது?"

தம்புசாமி சீலிங் ஃபேனைப் பார்த்தான். டாக்டர் சீதாவைப் பார்த்தார்.

"ஆன்டி, கரையுற மாத்திரை வேணும்னு கேட்டு வாங்கிட்டுப் போனீங்களே. சாப்பிட்ட பிறகுதானே குடுக்குறீங்க?"

"நாலு தோசைக்குப் பிறகுதான் டாக்டர். வெறும் வயித்துல குடுத்தா புண்ணாக்கிடும்னு அண்ணன் சொல்லிச்சு. துளசி போட்டா தப்பில்லையே?"

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"சீதா, தீர்த்தத்துல மாத்திரையைக் கரைக்கலாமா? சாமி குத்தம் இல்லையா?"

"சாமிகிட்ட முதல் நாளே சொல்லிட்டுத்தான் கரைச்சேன். உங்ககிட்டதான் சொல்லலை. இனிமே மாத்திரையாவே குடுத்திடவா?"

யோசித்தேன். மாத்திரையை முழுங்கமாட்டேன் என்று சொன்னவன் நான். சொன்ன சொல்லை மாற்றுகிற பரம்பரை இல்லை.

"தீர்த்தமே குடு" என்றேன்.

திரும்பும்போது காரில் தம்புசாமியிடம் மன்னிப்பைப் பற்றி நியாயமாகவே கேட்டேன். பதினோரு பேர் முன்னால் பேசியது பேசியதுதானே. அவன் கிள்ளான் வந்து சேரும்வரை சிரித்தான். மன்னிப்பு இன்றுவரை வரவில்லை.