தொண்டைக்கு ஒரு நாள் லீவு

பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் செய்கிறவர் அவர். தெருவில் அவருக்குக் 'குழாய்' என்று பெயர். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று இருபது வருடமாக மைக்கில் மூன்று மூன்று தடவை சொல்லிப் பழகியவர், வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்டாலும் மூன்று தடவைதான் கேட்பார்.

அப்படிப்பட்டவருக்கு ஓர் ஆசை. ஒரே ஒரு நாள் தான் வாயை மூடிக்கொண்டு, அடுத்தவர் பேசிக் கேட்க வேண்டும். காலைச் செய்தியில் ஆரம்பித்து, சாயங்காலம் ஏழு மணி நாடகம் வரை வானொலியை விட்டு நகரக் கூடாது. நாடகத்துக்கு மறுநாள்தான் கடைசிப் பகுதி. பணக்காரக் கிழவரைக் கொன்றது யார் என்று தெரியாமல் மூன்று மாதமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

அறிவிப்பாளருக்கு லீவு வேண்டுமென்றால் தொண்டை போக வேண்டும். மனைவியிடம் உண்மையைச் சொல்லலாம்தான். ஆனால் பாவம், அவளுக்குப் பொய் சொல்ல வராது, மேலாளரிடம் உளறிவிடுவாள். ஆகவே அவளையும் சேர்த்தே ஏமாற்றுவதென்று முடிவு செய்தார். காலையில் எழுந்ததும் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார்.

"அய்யய்யோ, குரல் போயிடுச்சா? இன்னைக்கு ஒரு வார்த்தை பேசக்கூடாது நீங்க. முன்னறையில உக்காந்து ரேடியோ கேளுங்க. ஆபீசுக்கு நான் சொல்லிடறேன்."

போனில் அவள் பேசிய சோகத்தைக் கேட்டு அவருக்கே தன் மேல் இரக்கம் வந்தது.

காலைச் செய்தி அமிர்தமாக இறங்கியது. அடுத்து யாரோ இரண்டு பேர் விலைவாசியைப் பற்றிக் காரசாரமாக விவாதித்துக்கொண்டிருந்தபோது மனைவி சுடச்சுட ஒரு தம்ளர் கசப்பு மருந்தோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, நான் தையல் கடை வைக்க இந்த முன்னறையக் குடுங்கன்னு மூணு வருஷமாக் கேக்கறேன். இப்ப என்ன சொல்றீங்க?"

முன்னறை அவருடைய கோட்டை. சாய்வு நாற்காலி, வானொலி, ஜன்னல் காற்று, எல்லாம் அங்கேதான். இத்தனை நாளும் முடியாது என்றே சாதித்து வந்தவர். இப்போது வாயைத் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். தலையைப் பலமாக ஆட்டினார்.

"அப்படி ஆட்டாதீங்க, நரம்பு இழுத்துக்கும். வேண்டாம்னா வாயால சொல்லுங்க, விட்டுடறேன்."

காகிதத்தைத் தேடி எடுத்து 'வேண்டாம்' என்று கொட்டை எழுத்தில் எழுதி நீட்டினார்.

"மருந்து வேண்டாமா? அதெல்லாம் குடிச்சுத்தான் ஆகணும்."

குடித்தார். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"பாருங்க, எனக்குக் கடை வருதுன்னு உங்களுக்கே ஆனந்தக் கண்ணீர்."

மத்தியானச் செய்திக்குத் தையல் மிஷின் வந்து இறங்கியது. மாதர் நிகழ்ச்சி முடிவதற்குள் அவருடைய அலமாரி வெளியே போனது. நாற்றைப் பிடுங்கி நடுவது எப்படி என்று வானொலியில் ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தபோது, இரண்டு சுமைக்காரர்கள் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறை மூலையில் நட்டார்கள். மடியில் வானொலி பேசிக்கொண்டே வந்தது. அவர்தான் பேசவில்லை. போகட்டும், அறை போனாலும் நாடகம் இருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

ஏழு மணி ஆயிற்று. நாடகத்தின் கடைசிக் கட்டத்தில் இன்ஸ்பெக்டர் எல்லாரையும் ஒரே அறையில் கூட்டி நிறுத்திவிட்டார்.

"கிழவரைக் கொன்றவர் இங்கேதான் இருக்கிறார். அவர் வேறு யாருமில்லை..."

முன்னறையில் மிஷின் கடகடவென்று ஓட ஆரம்பித்தது.

"நிறுத்து! நிறுத்து! நிறுத்து!"

பேருந்து நிலையத்தையே அதிரவைக்கும் குரல். மிஷின் நின்றது. 'இத்துடன் நாடகம் நிறைவடைந்தது' என்றது வானொலி.

மனைவி கையில் கத்தரிக்கோலோடு எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"குரல் வந்துடுச்சா? ஆனா அறைய இனிமே திருப்பித் தர முடியாதுங்க. நாலு பேர் துணி குடுத்துட்டுப் போயிட்டாங்க."

அவருக்கு அப்போதுதான் லேசாகப் பொறி தட்டியது.

"உனக்கு... முன்னாடியே தெரியுமா?"

"நேத்துத் தூக்கத்துல நீங்கதானே சொன்னீங்க. 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு, நாளை எனக்குத் தொண்டை கட்டும்'னு. மூணு தடவை."