நேவி அண்ணாச்சியின் நனையாத வாட்ச்

சங்கரன்கோவிலில் நேவி அண்ணாச்சி அளவுக்குத் தண்ணீருக்குப் பயந்த மனிதர் வேறு யாரும் கிடையாது. பட்டத்தைப் பார்த்து அவர் கப்பற்படையில் இருந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் நீர்மூழ்கி மோட்டார் விற்கிறவர். நீச்சலும் தெரியாது. ஏதேதோ நாட்டு ராணுவங்கள் தங்கள் முக்குளிப்பு வீரர்களுக்குக் கொடுத்த பழைய வாட்சுகளைச் சேர்க்கிறவர் என்பதால் வந்த பட்டம் அது. பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் போடுகிற பாவத்துக்கு, அந்த வாட்சுகளின் சரித்திரம் மொத்தத்தையும் கேட்கும்படி என் தலையில் எழுதியிருந்தது.

"கடலுக்கடியில கெடந்த வாட்ச்தான அண்ணாச்சி, தண்ணி பட்டா என்ன?" என்று ஒருநாள் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன்.

"உள்ள இருக்க ரப்பர் வளையம் செத்துருக்கும் வே. அதுக்கும் நம்ம வயசுதான? ஒரு சொட்டு உள்ள போனா மெஷின் துருப்பிடிச்சிரும் பாத்துக்கிடும்" என்று தொடங்கியவர் முடிக்கும்போது கடை சாத்துகிற நேரமாகிவிட்டது.

சாப்பிட்டுக் கை கழுவப் போனால் வாட்சைக் கழற்றி என்னிடம் தருவார். தூறல் போட்டால் கையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு ஓடுவார். ஒருமுறை சீசனுக்குக் குற்றாலம் போனோம். எல்லோரும் அருவியில் நிற்க, அவர் குடைக்குள் ஒடுங்கிக்கொண்டு கார் பக்கத்தில் நின்றார். குடையைப் பிடித்தவன் நான்.

முக்குளிக்கிறவனுக்குக் காற்று எப்போது தீரும் என்று கணக்குப் பார்க்க அந்த வாட்சுகளில் சுற்றுகிற வளையம் ஒன்று உண்டு. அதைத் திருகிவைத்து, சொன்ன டீ வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பார். மேலநீலிதநல்லூரிலிருந்து மோட்டார் வாங்க வருகிற விவசாயி பேரம் பேச ஆரம்பித்தாலும் திருகுவார். அவர்கள் ஏதோ மீட்டர் ஓடுகிறதென்று பயந்து சீக்கிரம் பேரத்தை முடித்துக்கொள்வார்கள்.

பல வருஷம் தேடிய வாட்ச் ஒன்றைக் கடையநல்லூர் பாய் ஒருவர் வளைகுடாவிலிருந்து வாங்கி வந்து கொடுத்தார். பின்பக்கம் ராணுவ முத்திரையும் ஒரு வீரனின் நம்பரும் இருந்தன. ஹால்டிக்கெட் நகலுக்குக் கல்லூரிப் பிள்ளைகள் என் கடையை மொய்த்துக்கொண்டிருந்த நேரத்தில், நடுவே புகுந்து நீட்டினார்.

"பாரும் வே, நம்பரப் பாரும்!"

"தெரியுது அண்ணாச்சி."

"தெரிஞ்சா பொறவு ஏன் வே மூஞ்சி இப்படி இருக்கு?"

மகள் கல்யாணத்துக்கு அந்த வாட்சைத்தான் கட்டினார். கூட்டத்தில் எவனும் உருவிவிடக் கூடாதென்று, அதன் துணிப்பட்டையை மணிக்கட்டில் வைத்தே நைலான் நூலால் தைக்கச் சொன்னார். விடியற்காலையில் என்னை எழுப்பித்தான் சொன்னார். நானும் தூக்கக் கலக்கத்தில், இனி பிரியவே பிரியாது என்கிற அளவுக்குத் தைத்துவிட்டேன்.

தாரை வார்ப்பது இரண்டு பேருக்குமே நினைவில்லை. மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் அப்பா வைக்க, மேலே அம்மா தண்ணீர் ஊற்ற வேண்டும். அண்ணாச்சியின் மனைவி, எங்கள் மதினி, செம்போடு வந்து நின்ற பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"ஐயரே, ஒரு நிமிஷம்" என்று நூலைப் பல்லால் கடித்தார். அசையவில்லை. கீழே நின்ற என்னைப் பார்த்து, "என்னத்த வே தைச்சு வச்சிருக்கீரு!" என்று கத்தினார். யாரோ கத்தரிக்கோலோடு ஓடிவந்தார்கள். "பட்டையில கைய வச்சிராதிய! அதுவும் அந்தக் காலத்து ஒரிஜினல்!"

"முகூர்த்தம் போயிட்டிருக்கு" என்றார் ஐயர். மாப்பிள்ளை வீட்டார் முகங்கள் மாறத் தொடங்கின.

"உங்களுக்கு வாட்சு பெருசா, பிள்ள பெருசா?" என்று மதினி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

குனிந்திருந்த மகளின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு பட்டுச்சேலையில் விழுந்தது. அண்ணாச்சியும் பார்த்தார், நானும் பார்த்தேன். நூலை விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைத்தார்.

"ஊத்து" என்றார்.

மதினி ஊற்றினார். இத்தனை வருஷத்துக் கோபத்தையும் சேர்த்து, செம்பு காலியாகும்வரை ஊற்றினார். அண்ணாச்சியின் சட்டை முழங்கைவரை நனைந்து சொட்டியது.

சாயங்காலம் பெண்ணும் மாப்பிள்ளையும் கோவில்பட்டிக்குக் காரில் கிளம்பிப் போனார்கள். மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மிச்சமிருந்த ஒன்றில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். வாட்ச் கண்ணாடிக்குள் ஆவி படர்ந்து முள்ளே தெரியவில்லை. துக்கம் விசாரிக்கிற குரலில், "இப்பமே பிரிச்சுக் காய வச்சா பொழச்சிரும் அண்ணாச்சி" என்றேன்.

"எது?" என்றார்.

பிறகு வாசலைப் பார்த்தபடியே, "மணி என்ன வே? பிள்ள போய் எறங்கியிருப்பாளா?" என்று கேட்டார்.

செல்போனைப் பார்த்துச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன். விடிகாலையிலிருந்து நின்று கால் கடுத்துப்போயிருந்தது, வீட்டிலும் தேடுவார்கள். ஆனாலும் அவள் போய்ச் சேர்ந்தேன் என்று போன் பண்ணும்வரை, அந்த மனிதருக்கு மணி சொல்லிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.