சித்தூரில் உட்கார்ந்து திருப்பதியில் கதவடைத்தேன்

உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாம் செய்ய முடியும் என்று பெருமை பேசுகிறவன், ஒருநாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே குடும்ப மானத்தையும் வாங்கிவிடுவான். நான் வாங்கியிருக்கிறேன். அதுவும் என் மகளின் நிச்சயதார்த்தத்தன்று.

அப்போது நான் திருப்பதியில் ஒரு தங்கும் விடுதிக்குக் கணினிப் பொறுப்பாளன். வீடு சித்தூரில். விடுதியில் இரண்டு சர்வர்கள்: ஒன்று அறைப் பதிவுக்கு, மற்றொன்று அறைக் கதவுகளுக்கு. (அட்டையைக் காட்டினால் இது தலையசைக்க வேண்டும், அப்போதுதான் கதவு திறக்கும்.) ஒவ்வொரு சர்வருக்குள்ளும் தனியாக ஒரு குட்டிக் கணினி உண்டு. பெரியது மயங்கிக் கிடந்தாலும் குட்டி விழித்திருக்கும். தொலைவிலிருந்து ஒரு வரிக் கட்டளை அனுப்பினால் போதும், பெரியதை அணைத்து மறுபடி எழுப்பிவிடும்.

அந்தக் குட்டிகளுக்கு நெட்வொர்க் முகவரி கொடுத்தவன் நான்தான். மவுஸைத் தொடுகிறவன் குமாஸ்தா, கட்டளை தட்டுகிறவனே பொறியாளன் என்பது அந்நாளைய என் கொள்கை. முதல் சர்வருக்கான கட்டளையைத் தட்டினேன். அடுத்ததற்கு, மேல் அம்புக்குறியை அழுத்தி அதே வரியை வரவழைத்து, சர்வரின் பெயரை மாற்றினேன். முகவரியையும் மாற்றியிருக்க வேண்டும். ஆனால் ராகுகாலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், நல்ல நேரத்திலேயே தப்பைச் செய்து முடித்தேன். சோதித்துப் பார்த்தேன், பதில் வந்தது. எந்தக் குட்டி பதில் சொல்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. ஒரே கதவெண்ணில் இரண்டு வீடு இருந்தால், தபால் எந்த வீட்டுக்குப் போகும் என்பது தபால்காரர் மனசைப் பொறுத்தது.

நிச்சயம் அதே விடுதியின் கூடத்தில். மாப்பிள்ளை வீட்டார் நகரியிலிருந்து முந்தின நாளே வந்து மூன்றாம் மாடியில் தங்கியிருந்தார்கள். மகள் சுமதிக்குத் திருப்பதியில்தான் வேலை. அவள் முன்னதாகவே கூடத்துக்குப் போய்விட்டாள். நானும் மனைவியும் சித்தூரிலிருந்து கிளம்பும் நேரத்தில் விடுதி மேனேஜர் போன் செய்தார். பதிவு சர்வர் உறைந்துவிட்டது, வரவேற்பில் கூட்டம் நெரிகிறது என்றார்.

அஞ்சே நிமிஷம் என்றேன். மனைவி காரில் காத்திருக்க, பட்டு வேட்டியோடு கணினி முன் உட்கார்ந்து, அணைத்து எழுப்பும்படி கட்டளை அனுப்பினேன். ஆயிற்று என்றது திரை. ஒன்றும் ஆகவில்லை என்றார் மேனேஜர். மறுபடி அனுப்பினேன். மறுபடியும். நான் அணைத்து எழுப்பிக்கொண்டிருந்தது கதவு சர்வரை. பாவம், அது கண் விழிக்கும்போதெல்லாம் தலையில் தட்டிப் படுக்க வைத்தேன். (விடாமுயற்சி என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.)

அஞ்சு நிமிஷம் ஒரு மணி நேரமானபோது வீம்பு வந்து, கட்டளையை இரண்டாகப் பிரித்தேன். முதலில் 'அணை', பிறகு 'எழு'. 'அணை' கதவு சர்வருக்குப் போனது. 'எழு' பதிவு சர்வருக்குப் போனது. அது எழுந்துதான் இருந்தது, மூளைதான் வேலை செய்யவில்லை.

மகள் போன் செய்தாள்.

"நைனா, இன்னா பண்ணிக்கினு இருக்க? இங்க ஒரு கதவும் தொறக்கல. மாமா மலையில மொட்ட போட்டுக்கினு ஈர வேட்டியோட நிக்கறாரு. நிச்சயப் பொடவ, மோதிரம் எல்லாம் அவங்க ரூம்ல மாட்டிக்கிச்சி. நல்ல நேரம் போயிக்கினே கீது. சகுனம் சரியில்ல, இன்னொரு நாளு பாக்கலாம்னு அத்த சொல்றாங்க."

மாப்பிள்ளையின் அம்மா இன்னொரு நாள் என்றால் அது எந்த நாள் என்று பெண்ணைப் பெற்றவனுக்குத் தெரியும். சர்வர் அறைக்குப் போய் இரண்டு பெட்டிகளின் பொத்தானையும் அழுத்தச் சொன்னேன். (அந்த அறைக்கு மட்டும் சாதாரணப் பூட்டு. மின்பூட்டை நான் நம்புவதில்லை.)

"செய்யறேன். நீ மொதல்ல கம்ப்யூட்டர்லருந்து கைய எடு. எடுத்துட்டியா?"

எடுத்துவிட்டேன் என்றேன். பொய். அதற்குப் பிறகுதான் எடுத்தேன்.

பட்டுப் புடவையும் மல்லிகையுமாக அவள் சர்வர் அறைக்குள் போக, மாப்பிள்ளையும் பின்னாலேயே போயிருக்கிறான். போன் இணைப்பில் இருந்ததால் எல்லாம் என் காதில் விழுந்தது.

"உங்க நைனா எப்பவும் இப்பிடித்தானா?"

"இல்ல. இன்னைக்குக் கொஞ்சம் நல்லா பண்ணிட்டாரு."

அவன் சிரித்தான். பெட்டிகளுக்குள் மின்விசிறிகள் சீறின. மேலே கதவுகள் திறந்தன. நாளைத் தள்ள வேண்டாம் என்று அவனே தன் அம்மாவிடம் போய்ச் சொன்னானாம்.

ஆனால் நாங்கள் போய்ச் சேர்வதற்குள் நல்ல நேரம் முடிந்துவிடும். ஆகவே பெண்ணின் அப்பா ஸ்தானத்தில் நின்று தட்டு மாற்றியவர் விடுதி மேனேஜர். நாங்கள் காரிலிருந்து வீடியோவில் பார்த்தோம். பாகாலா தாண்டியதும் அதுவும் உறைந்துவிட்டது. மனைவி அழுதாள். அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

நிச்சயதார்த்த ஆல்பத்தில் என் இடத்தில் அவர்தான் சிரித்துக்கொண்டு நிற்கிறார். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் போட்டோ நைனா. போன மாதம் பேத்தியின் காதுகுத்துக்கு முதல் பத்திரிகை அவருக்குத்தான் போனது. எனக்கு மனைவி வாயால் சொன்னதோடு சரி.

"ஒரு நாள் முன்னாடியே போயி அங்க குந்திக்கோங்க. கம்ப்யூட்டர் இங்கியே இருக்கட்டும்."