எட்டாயிரம் கிலோமீட்டர் கணக்கு

"காலை ஒன்பதுன்னா எந்த ஊர் ஒன்பது?" என்று கடிகாரம் பழுதுபார்ப்பவர் சுவரைப் பார்த்துக் கேட்டார்.

பதில் சொல்ல ஆளில்லை. மனைவி வெளிநாட்டில் இருக்கும் மகளைப் பார்க்கப் போய் மூன்று மாதம். வீட்டில் இருந்ததெல்லாம் கடிகாரங்கள்தான். சாப்பாட்டு மேசையில் பதினாறு, சமையல்மேடையில் இருபது, கட்டிலில் அவருக்குப் படுக்க ஓரமாகக் கொஞ்சம் இடம்.

கிளம்பும்போதே அவள் சொல்லியிருந்தாள்: "கடையை வீட்டுக்குள்ள கொண்டுவந்தீங்க, வந்த வழியே மக வீட்டுக்குத் திரும்பிடுவேன்." சொன்னால் செய்கிற ஆள். அவரோ பேச்சுத்துணை இல்லாமல் பாதியாகியிருந்தார்.

நேற்று செய்தி வந்தது. 'சாயங்காலம் ஆறுக்கு விமானம் ஏறி, நாளைக் காலை ஒன்பதுக்கு இறங்குறேன். கூப்பிட வர வேண்டாம்.'

"அவ அந்த ஊர்க் கடிகாரத்தைப் பார்த்துத்தான் எழுதியிருப்பா. நமக்கு அஞ்சு மணி நேரம் கூட. அப்ப மதியம் ரெண்டு!" என்று முடிவுகட்டி, நிம்மதியாக இன்னொரு கடிகாரத்தைப் பிரித்துப் போட்டார்.

பக்கத்து வீட்டுக்காரி வாசலில் எட்டிப் பார்த்தாள். "அண்ணே, சமையல்மேடை எங்க?"

"எல்லாம் அடியில இருக்கும்மா. நேரம் கிடக்கு."

மனசு கேட்கவில்லை. எட்டரைக்கு டிக்கெட் போடும் அலுவலகத்துக்குப் போன் செய்தார்.

"சார், இறங்குற நேரம்னா இறங்குற ஊர் நேரம்தான். அங்க சாயங்காலம் ஆறுன்னா இங்க ராத்திரி பதினொண்ணு. எட்டாயிரம் கிலோமீட்டர், பத்து மணி நேரம். கூட்டிப் பாருங்க."

கூட்டினார். இந்த ஊர் ஒன்பதேதான்! ஊருக்கே நேரம் சரிபண்ணித் தருகிற மனுஷன்!

கைக்கு வந்த கடிகாரங்களை எல்லாம் போர்வையில் மூட்டைகட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினார். மூட்டை இடித்து எண்ணெய் டப்பா கவிழ்ந்தது. ஈரத்துணியால் துடைத்தார், எண்ணெய் வீடு முழுக்கப் பரவியது. அந்த நேரம் பார்த்து மூட்டைக்குள்ளே ஏழு அலாரம் ஒன்றாக அலறின.

பக்கத்து வீட்டுக்காரி மறுபடி எட்டிப் பார்த்தாள். "மேடை தெரியுது அண்ணே. தரையைத்தான் காணோம்."

"வாய் பார்க்காம கொஞ்சம் சோப்புத்தூள் கொடும்மா!"

கொடுத்துவிட்டுப் போனாள். ஒன்பது அடித்தது. இறங்கி வீடு வர ஒரு மணி நேரம். வேர்க்க விறுவிறுக்கத் தேய்த்தார். பத்தானது, வரவில்லை. பதற்றத்தில் கடிகாரங்களைச் சுமந்து சுமந்து கடையிலேயே கொண்டுபோய் வைத்தார். பதினொன்றுக்கு வீடு பளபளத்தது. அவளைத்தான் காணவில்லை.

"அய்யய்யோ! அஞ்சைக் கழிச்சிருக்கணுமோ? விடிகாலை நாலுக்கே இறங்கி, ஏழு மணி நேரமா பெட்டியோட நிக்கிறாளோ!"

ஒரு காலில் அவர் செருப்பு, மறுகாலில் மனைவியின் செருப்பு. வாசலுக்கு ஓடினார்.

"எங்க அண்ணே ஓட்டம்?" பக்கத்து வீட்டுக்காரி வழிமறித்தாள்.

"விமான நிலையத்துக்கும்மா! அவ அங்க தனியா நிக்கிறா!"

அவள் நிதானமாக அவர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். மேடை, மேசை, தரை, கட்டில். பிறகு தன் வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்:

"அக்கா, தரை தெரியுது! நேத்துக் காலைலேருந்து எங்க வீட்ல ஒளிஞ்சிருந்தது போதும், பெட்டியை எடுத்துட்டு வாங்க!"