பலகையரின் குதிப்பூட்டு

மொன்றியலில் பனிக்குப் பயப்படாத தமிழர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவருக்கும் சேர்த்து நான் பயந்துகொண்டிருந்தேன்.

பலகையர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். பெற்றோர் வைத்த பெயர் கடவுச்சீட்டில் இருந்திருக்கும். இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்தக் குளிர்காலங்களில் அவர் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறி விற்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக்குப் போய், இரண்டு காலையும் ஒரே பனிப்பலகையில் பூட்டிக்கொண்டு சறுக்கினார். வயது ஐம்பத்திரண்டு. இடுப்பளவும் அங்குலத்தில் ஏறக்குறைய அதே.

மற்றவர்கள் மெத்தென்ற சப்பாத்து போட்டுத்தான் பலகையில் ஏறுவார்கள். இவருக்கு மட்டும் கல்லுப் போன்ற பிளாஸ்டிக் பூட்ஸ் வேண்டும்.

"மாஸ்டர், மெத்தைச் சப்பாத்து எண்டால் பனியில இழுபடத்தான் ஏலும். இது கோடு கீறும். கத்தரிக்காயைக் கத்தியால கீறின மாதிரி."

கோடுகளை ஒருநாள் எண்ணினேன். பதினேழு வரை அழகாக இருந்தன. பதினெட்டாவது ஒரு மரத்தில் முடிந்தது.

சிக்கல், பூட்ஸைப் பலகையோடு பூட்டுவதில் இருந்தது. பழைய பூட்டுக்கு, குனிந்து கால்விரல் பக்கத்து நெம்புகோலைக் கையால் அழுத்த வேண்டும். பலகையருக்கும் அவருடைய கால்விரல்களுக்கும் நெடுநாளாகத் தொடர்பு இல்லை. பனியில் குந்தியிருந்து பூட்டினால் எழும்ப முடியாது. அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பகுதியில் அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரனான நான், யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவன், ஒவ்வொரு முறையும் அவர் முன்னால் முழந்தாளில் நின்று பூட்டிவிடுவேன். ஒருமுறை ஒரு பிரெஞ்சுக்கார அம்மா நின்று பார்த்துக் கைதட்டிவிட்டுப் போனார். என்ன நினைத்தாரோ.

பிறகு என் முள்ளந்தண்டைப் பார்த்த டொக்டர், இனிக் குனியவே கூடாது என்றார். பலகையரின் மனைவி அன்றே தீர்ப்புச் சொன்னார்.

"மாஸ்டர் அண்ணையாலையும் குனிய ஏலாது, உங்களாலையும் ஏலாது. பலகையை வித்துப்போட்டு வீட்டில இருங்கோ!"

மனிதர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் வழி கண்டுபிடித்துவிட்டார். குதிகாலால் மிதித்தால் தானாகப் பூட்டிக்கொள்ளும் குதிப்பூட்டு! பூட்ஸின் பழைய குதியைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்கமும் ஊசி உள்ள குதி ஒன்றைப் போட வேண்டும். மிதித்ததும் ஊசிகள் பூட்டில் உள்ள துளைகளுக்குள் பாயும். கழற்ற, காற்சட்டைக்குள்ளால் மேலே வரும் கம்பியை இழுத்தால் போதும்.

கடைக்கு நானும் போனேன். "ஒரு ஊசி விழுந்து மற்றது விழாவிட்டால்? பனி அடைத்தால்? கம்பி அறுந்தால்?" என்று கடைக்காரப் பையனைக் கேட்டேன். துளையைத் துடைத்துவிட்டு மிதியுங்கள், இரண்டு கிளிக்கும் கேட்டதா என்று பாருங்கள் என்றான்.

"மாஸ்டர், நான் பூட்டு வாங்க வந்திருக்கிறன். நீங்கள் செத்தவீட்டுக்கு ஆள் சேர்க்கிறியள்," என்றார் பலகையர்.

அவர் தெரிவு செய்த விதமே வேறு. கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக மிதித்தார். "கண்ணைத் திறந்தாலும் வயிறுதானே தெரியப்போகுது?" முதலாவது வழுக்கியது. இரண்டாவது பூட்டவில்லை. மூன்றாவது கிளிக், கிளிக் என்றது. அதை வாங்கினார். இழுகம்பி கைக்கு எட்ட, மனைவி காற்சட்டைப் பையில் ஓட்டை போட்டுக் கொடுத்தார். பலகை விற்கும் கதையைக் கைவிடவில்லை. "ஒருக்காப் பார்ப்பம். சரிவராட்டி வித்திடவேணும்."

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் எங்கள் ஆட்கள் புது வாகனம் வாங்கினால் கோயிலுக்குக் கொண்டுபோகாமல் இருப்பார்களா? "இதுவும் வாகனந்தான் ஐயா," என்று குருக்களிடம் வாதாடி, பலகைக்கு அர்ச்சனை செய்வித்து, வாசலில், கார்ச் சில்லுக்கு எலுமிச்சை வைப்பதுபோல், இரண்டு குதிப்பூட்டிலும் தேசிக்காய் வைத்து, பூட்ஸ் போட்டு ஏறி மிதித்தார். சதக்!

ஞாயிறன்று மலையில் முதல் இறக்கம் பிரமாதம். அடிவாரத்தில் மறுபடி லிப்டில் ஏற, பின்காலைப் பலகையிலிருந்து கழற்ற வேண்டும். பலகையர் பைக்குள் கைவிட்டு இழுத்தார். அசையவில்லை. தேசிக்காய்ச் சாறு உள்ளே உறைந்து ஊசியைப் பிடித்துக்கொண்டது. வரிசையில் பின்னால் பதினான்கு பேர். லிப்ட் இயக்குபவர் பிரெஞ்சில் ஏதோ கத்தினார். பலகையர் மரியாதையாக, "பொங்ஜூர்," என்றார்.

"வித்திடப் போறா மாஸ்டர், மனுசி வித்திடப் போறா!"

என்னிடம் ஒரு பிளாஸ்க் இஞ்சித் தேநீர் இருந்தது. குனியக்கூடாதே, நின்றபடி உயரத்திலிருந்து ஊற்றினேன். முதல் கோப்பை மற்றக் காலில் விழுந்தது. இரண்டாவது குறி தப்பவில்லை. அவர் இழுத்தார். ஒரு தேசிக்காய் விதை துள்ளி விழ, கால் கழன்றது.

"வீட்டில சொல்லாதேங்கோ," என்றார்.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன். "உங்கட மூத்தவன் வாட்டசாட்டமான பிள்ளை. கூட்டிவந்தால் பழைய பூட்டையே குனிஞ்சு பூட்டிவிடுவானே. ஏன் உந்தப் பாடு?"

"பூட்டுவான்தான். பூட்டிப்போட்டுத் தன்ர பாட்டில போயிடுவான். கீழ நிண்டு பயப்பிட ஒராள் வேண்டாமே?"

இப்போது அவர் ரொறன்ரோவில் மகளோடு இருக்கிறார். முழங்கால் விடாததால் மலைக்குப் போவதில்லை. ஆனால் முதற்பனி விழும் நாளில் தொலைபேசி வரும். பலகையை வரவேற்பறையில் போட்டு, தொலைபேசியைக் குதிக்குப் பக்கத்தில் பிடிக்கப் பேரப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, "மாஸ்டர், கேட்டுக்கொண்டிருங்கோ," என்று கத்துவார்.

கிளிக், கிளிக். இரண்டும் தெளிவாகக் கேட்கும்.

"ஒண்டுதான் கேட்டது," என்பேன். "திருப்பி மிதியுங்கோ."