லோஷன்காரரின் கைகள்

பாலாற்றின் இரண்டு கரைகளிலும் வீடு வீடாகப் புகுந்து தேடினாலும் லோஷன்காரருடையவை போல் சுத்தமான கைகள் கிடைக்கமாட்டா. கீழே விழுந்த சோப்பை இன்னொரு சோப்புப் போட்டுக் கழுவுகிறவர் அவர் என்பார்கள். குழந்தைகளே, அப்பேர்ப்பட்ட கைகளுக்கு அழுக்குக் கை என்று பெயர் வாங்கிக் கொடுத்தவன் உங்கள் அப்பன்தான். பிறர் சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே எழுதிவிடுகிறேன்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷெட்டில் வேலை. ஈரத் தோல்கட்டைத் தூக்கித் தூக்கிக் குடல் இறங்கிவிட்டது. ஆபரேஷனுக்காக வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே காயங்களுக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸர்தான் இவர். அவர் பேர் யாருக்கும் தெரியாது. கிருமி கொல்லும் கார்பாலிக் லோஷன் வாசனை அவருக்குப் பத்தடி முன்னால் நடந்து வரும்.

ஆபரேஷனுக்கு முன்பு யாரும் எதையும் தின்னக்கூடாது. மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சை அடைத்துவிடும். அதனால் அன்று காலையில் லோஷன்காரர் போலீஸாகிவிடுவார். பக்கத்துக் கட்டிலில் ஒடுகத்தூர் விவசாயி ஒருவர், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு படுத்திருந்தார்.

“இன்னா பெரியவரே, படுக்கையில கூடவா முண்டாசு?”

“தலைக்குக் குளிருது சாமி.”

லோஷன்காரர் முண்டாசை அவிழ்த்தார். அவித்த வேர்க்கடலை ஒரு படி கொட்டியது.

“குளிருக்கு இதுதான் மருந்தா? இன்னைக்கு உனக்கு ஆபரேஷன் இல்ல, போ. நாளைக்கு வெறும் வயித்தோட வா.”

டாக்டரையும் அவர் விட்டதில்லை. ஒருநாள் ஆபரேஷன் முடிந்து டாக்டர் நோயாளியின் வயிற்றைத் தைக்க ஊசியை எடுத்தபோது குறுக்கே கையை நீட்டினாராம். “ஐயா, ரத்தம் ஒத்துற துணி பன்னெண்டு குடுத்தேன், பதினொண்ணுதான் திரும்பி வந்துகீது. ஒண்ணு உள்ளயே கெடந்தா?” டாக்டருக்குக் கோபம். கடைசியில் பன்னிரண்டாவது துணி டாக்டரின் பூட்ஸுக்கு அடியில் இருந்தது. அதை எடுத்துக் காட்டிய பிறகுதான் தைக்க விட்டாராம்.

என் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முழங்கைவரை தேய்த்துக் கழுவிக்கொண்டு தினமும் அவரே வந்து கட்டு மாற்றுவார். “கட்டு மேல கைய வெச்ச, கைக்கும் சேர்த்துக் கட்டுப் போட்டுடுவேன்” என்று மிரட்டுவார்.

நான் கேட்கவில்லை. ஷெட்டில் என்னோடு வேலை செய்த பாஷா பார்க்க வந்தான். அவனிடம் என் யோசனையைச் சொன்னேன். “பச்சைத் தோல ஆவாரம்பட்டைத் தண்ணியில போடலன்னா அழுகிப்பூடுது. போட்டா செருப்பாயி வருஷக்கணக்கா உழைக்குது. என் தோலு மட்டும் வேற தோலா?”

“அது செத்த மாட்டுத் தோலு தோஸ்த். நீ இன்னும் சாவலியே” என்றான் பாஷா. ஆனாலும் மறுநாள் பட்டைத்தூளைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தான். மூன்று நாள், யாரும் பார்க்காத நேரத்தில், கட்டைத் தூக்கித் தூளைத் தூவினேன். அயோடின் கறையோடு அந்தக் கறையும் ஒன்றாகிவிட்டதால் கட்டு மாற்றும்போது லோஷன்காரர் கண்ணில் படவில்லை.

நான்காம் நாள் காய்ச்சல். காயம் வீங்கிச் சீழ் வைத்தது. டாக்டர் முகர்ந்து பார்த்துவிட்டு எல்லார் முன்னாலும் லோஷன்காரரிடம் சொன்னார்: “அழுக்குக் கை பட்டிருக்கு. இனிமே நீர் எந்தக் காயத்தையும் தொடவேணாம். திங்கட்கிழமை வேலையை விட்டு நின்னுக்கலாம்.”

தூள் போட்டதை நான் சொல்லவில்லை. சொன்னால் என்னை ஆஸ்பத்திரியை விட்டே துரத்திவிடுவார்கள் என்று பயம். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு கிடந்தேன். அந்த இரண்டு நாளும் அவர் வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை என் கட்டில் அருகே வந்தார். கைகளைப் பின்னால் கட்டியிருந்தார். என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“தம்பி, உன்ன ஒண்ணு கேக்கணும். நெசத்தச் சொல்லு. நான் எப்பனாச்சும் கை கழுவாம உன்னத் தொட்டுட்டேனா? ரெண்டு நாளா யோசிக்கிறேன், ஞாபகம் வரமாட்டேங்குது. நகத்தக்கூட ஒட்ட வெட்டிப் பாத்துட்டேன்.”

அவர் என்மேல் சந்தேகப்படவே இல்லை. தன் கைகள்மேல்தான் சந்தேகப்பட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. தலையணைக்கு அடியிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டினேன். விரித்து முகர்ந்தார்.

“எத்தினி நாளாப் போட்ட?”

“மூணு நாளு.”

“பாவி, இத மொதல்லயே சொல்லியிருந்தா இந்நேரம் கழுவி வுட்டிருப்பாங்களே. உசுரு போயிருந்தா?” என்றார். அவருடைய வேலை போவதைப் பற்றி ஒரு சொல் இல்லை. டாக்டரைக் கூப்பிட ஓடினார்.

தையலைப் பிரித்து, தூளையெல்லாம் கழுவினார்கள். நான் பிழைத்தேன். டாக்டர் அவரிடம் வருத்தம் தெரிவித்தார், வேலையும் நிலைத்தது.

மறுநாள் காலை கட்டு மாற்ற அவரே வந்தார். வழக்கத்தைவிட நெடுநேரம் கழுவினார். பிறகு, என்றுமில்லாதபடி, ஈரம் சொட்டும் இரண்டு கைகளையும் என் முகத்துக்கு நேரே நீட்டி, “பாத்துக்க தம்பி” என்றார். கேலியில்லை, கோபமில்லை. திருடன் சோதனைக்கு நிற்பதுபோல் நின்றார். அன்று முதல் ஒவ்வொரு நோயாளியிடமும் அப்படிக் காட்டிவிட்டுத்தான் தொட்டாராம். அவரை அப்படி ஆக்கியவன் நான்.

குழந்தைகளே, மறுபடி ஒருமுறை அவரிடம் போய்ப் படுக்கும்படி நேர்ந்தால், அவர் கையை நீட்டுவதற்கு முன்பே, பார்க்கவே வேண்டாம் என்று நான் கண்ணை மூடிக்கொள்வேன்.