பம்ப்கியை நான் உடைத்த ஆயுத பூஜை

கோபத்தில் எனக்குக் கண் தெரியாது என்பது எங்கள் குடும்பத்துக்கே தெரியும். பூசணிக்காயும் தெரியாது என்பது அந்த ஆயுத பூஜையன்றுதான் தெரிந்தது.

புதுக் கார் வாங்கியிருந்தேன். திருஷ்டி சுற்றி உடைக்க வெள்ளைப் பூசணி வேண்டும். அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் வெஸ்ட் வின்ட்சரிலிருந்து எடிசன் வரை போய் இந்தியக் கடைகளிலெல்லாம் கேட்டேன். “காலையிலேயே தீர்ந்துடுச்சு அங்கிள்” என்றான் கடைசிக் கடைக்காரன். (அங்கிளாம்! அவனுக்கும் என்னைப் போலவே முன்வழுக்கை.) டிராஃபிக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினால், எங்கள் வாசலிலேயே குண்டாக உட்கார்ந்திருக்கிறது ஓர் ஆரஞ்சுப் பூசணி!

உள்ளே விளக்கேற்றிக்கொண்டிருந்த மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோபக்காரன் கேட்பானா? மேலே துளை போட்டு, குங்குமத்தையும் ஒரு குவார்ட்டர் நாணயத்தையும் திணித்து, கற்பூரம் ஏற்றி, காருக்குச் சுற்றி, டிரைவ்வேயில் ஓங்கிப் போட்டேன். அத்தனை கடைக்காரர்கள் மீதும் இருந்த ஆத்திரம் அதில் இருந்தது.

“அப்பா! தட்ஸ் பம்ப்கி!”

அப்போது கிண்டர்கார்ட்டன் படித்துக்கொண்டிருந்த என் மகள் நிலா. பூசணி தண்ணீரில் மிதக்குமா, மூழ்குமா என்று வகுப்பில் போட்டுப் பார்க்கிறார்களாம்; மறுநாள் அவள் முறையாம். அதற்காக வாங்கி வைத்த பூசணிக்குப் பம்ப்கி என்று பெயர் வைத்து, தினமும் குட்நைட் வேறு சொல்லியிருக்கிறாள். (இதையெல்லாம் என்னிடம் யாருமே சொல்லவில்லை. சொன்னார்களாம், அப்போதும் நான் கோபமாக இருந்தேனாம்.)

“வேற வாங்கித் தரேன்டா கண்ணு.”

“நோ! யூ டிடின்ட் ஈவன் ஆஸ்க் மீ!”

“ஒரு வாரமா வாசல்லதான் இருக்கு. உங்களுக்கு இன்னிக்குத்தான் கண்ணு தெரிஞ்சுதா?” என்றாள் மனைவி.

குழந்தை தேம்பித் தேம்பி அழுதது. என் கோபம் முதல்முறையாகச் சரியான ஆள்மேல் திரும்பியது, அதாவது என்மேல்.

புதிதாக வாங்கி வந்ததை நிலா தொடவே இல்லை. மறுநாள் பம்ப்கியின் துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனோம். (பெற்றோரும் வரலாம் என்றார்கள். நான் போயிருக்கக் கூடாது.) தொட்டியில் போட்டாள். துண்டுகள் மிதந்தன. கூடவே குங்குமம் கரைந்து தண்ணீர் ரத்தமாகச் சிவந்தது. பிள்ளைகள் அலறினார்கள், ஒருத்தி மேசைக்கு அடியில் புகுந்தாள்.

“ஹூ டிட் திஸ்?” என்றார் டீச்சர்.

நிலா என்னை நோக்கி விரலை நீட்டினாள். “மை டாட். ஹி வாஸ் ஆங்க்ரி.”

அந்த எரிச்சலோடு வெளியே வந்து காரைப் பின்னால் எடுத்தேன். நேராகக் கம்பத்தில் இடித்தேன். திருஷ்டி கழித்த கார்!

நிலா இப்போது மிடில் ஸ்கூல். ஆயுத பூஜை வந்தால் வீட்டில் உருண்டையாக இருப்பதையெல்லாம் தன் அறைக்குள் வைத்துப் பூட்டிக்கொள்கிறாள். கதவைத் தட்டினால், “அப்பா, ஆர் யூ ஆங்க்ரி டுடே?” என்று உள்ளிருந்து கேட்கிறாள்.

இல்லை என்று சொல்வதற்குள் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது.